கிளட்ச் பெடல் தொங்குகிறதா? முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம், தக்காளி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது என் காலுக்கடியில் 'டங்' என்று ஒரு சத்தம். சாவி ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை கிளட்ச்சை மிதித்து விட்டபோது பெடல் முழுசாக மேலே வரவில்லை. முக்கால்வாசி வந்து அங்கேயே தொங்கிக்கொண்டு, வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் லொடலொடவென்று ஆடியது. கியர் ஒழுங்காக விழுந்தது, வண்டியும் நகர்ந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, "கிளட்ச் போச்சுடா, ஓரம் கட்டு" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். முதலில் கண்ணில் பட்ட ஒர்க்ஷாப்பிலும் அதே தீர்ப்புதான், கூடவே தொகையும் சொன்னார்கள்: கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் மாற்ற வேண்டும், 8,000 ரூபாய் ஆகும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்.

சாயங்காலத்துக்குள் பழனி போய்ச் சேர வேண்டியவர்கள் நாங்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று நழுவி, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கதவைத் திறந்து, குனிந்து, பெடலுக்கு அடியில் கையைக் கொடுத்து மேலே தூக்கினார். தூக்கினால் வந்தது, விட்டால் விழுந்தது. அப்புறம் கால்மிதியை எடுத்து உதறினார். வளைந்த கொக்கி ஒன்று, அரை விரல் நீளத்துக்கு, தரையில் விழுந்தது. "பெடல் ஸ்பிரிங் தம்பி. கிளட்ச் நல்லாத்தான் இருக்கு." ஸ்பிரிங் 60 ரூபாய், கூலி 150.

பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். மிதித்த பெடலை மேலே கொண்டு வருவது எது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அப்பாவின் தீர்ப்பையும் அந்த 8,000 ரூபாயையும் அங்கேயே கேள்வி கேட்டிருக்கலாம். பானெட்டைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இதை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கிளட்ச் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இஞ்சின் ஓட ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சக்கரமோ சிக்னலில் நிற்கும், மாடு குறுக்கே வந்தால் நிற்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில், வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் ஓர் ஏற்பாடு தேவை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஒரு கையைத் திருப்பிப் பாருங்கள், மற்றதும் கூடவே திரும்பும். அழுத்தத்தைக் குறைத்தால் வழுக்கும். காரில் ஒரு உள்ளங்கை ஃப்ளைவீல், அது இஞ்சினோடு சுற்றுகிறது. இன்னொரு உள்ளங்கை கிளட்ச் பிளேட், அது கியர்பாக்ஸோடு சேர்ந்தது. இரண்டையும் அழுத்திப் பிடித்து வைப்பது பிரஷர் பிளேட். அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், பிரஷர் பிளேட்டில் டயஃப்ரம் என்று ஒரு தட்டு ஸ்பிரிங் இருக்கிறது. லேசாகக் குழிந்த எஃகுத் தட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரல் விரலாக வெட்டியிருப்பார்கள்.

பெடலை மிதிக்கும்போது கிளட்ச் 'பிடிக்கிறது' என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேர் எதிர். சும்மா இருக்கும்போது அது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, நாம் மிதித்தால் விடுகிறது. மிதித்ததும் கேபிள் இழுபடும், கேபிள் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஃபோர்க் என்ற நெம்புகோலை இழுக்கும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங் என்ற சுழலும் வளையத்தைத் தள்ளும், பேரிங் போய் டயஃப்ரத்தின் விரல்களை நடுவில் அழுத்தும், அழுத்தியதும் பிரஷர் பிளேட் கொஞ்சம் விலகி, கிளட்ச் பிளேட்டுக்கு விடுதலை. மாருதி 800, ஆல்ட்டோ மாதிரி வண்டிகளில் இந்தக் கேபிள் முறைதான். வேறு பல கார்களில் கேபிளுக்குப் பதிலாக ஆயில் இருக்கும்: பெடல் பக்கம் ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் குழாய். செய்கிற வேலை ஒன்றுதான்.

சரி, காலை எடுத்ததும் பெடலை மேலே கொண்டு வருவது யார்? பெடல் பக்கத்தில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங் என்றுதான் சட்டென்று தோன்றும். பெரும்பாலான வேலையை அது செய்வதில்லை. டயஃப்ரம்தான் செய்கிறது. நாம் மிதித்து அமுக்கிய அந்தத் தட்டு, பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கிறது. திரும்பும்போது பேரிங்கைத் தள்ளி, ஃபோர்க்கைத் தள்ளி, கேபிளை இழுத்து, பெடலையும் நம் காலையும் சேர்த்து மேலே அனுப்பிவிடுகிறது. ஆனால் விரல்கள் முழுசாகத் தளர்ந்து நின்றதும் அதன் வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் மாதிரி பெடல் ஏற வேண்டியிருக்கும். அங்கே பெடலைத் தள்ள ஆள் இல்லை, கேபிளில் இறுக்கமும் இல்லை. அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டருக்குத்தான் இந்தச் சின்ன ஸ்பிரிங். அது உடைந்தால் பெடல் முக்கால்வாசி வரை ஜோராக வந்து அப்புறம் தொங்குவதற்குக் காரணம் இதுதான். கிளட்ச் உயிரோடு இருப்பதால்தான் முக்கால்வாசியாவது வந்தது.

அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு மெக்கானிக் பாஷையில் ஃப்ரீ ப்ளே என்று பெயர். பெடலைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஆரம்பத்தில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் போகும், அப்புறம்தான் கனம் தெரியும். அந்த எதிர்ப்பில்லாத தூரம்தான் அது. கேபிள் வைத்த சின்னக் கார்கள் பலவற்றில் 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கலாம், அதாவது ஒரு விரலிலிருந்து ஒன்றரை விரல் அகலம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி எதற்கு? ரிலீஸ் பேரிங்குக்கு ஓய்வு கொடுக்க. டயஃப்ரம் இஞ்சினோடு சேர்ந்து நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. பேரிங் அதைத் தொட்டால் அதுவும் சுற்றியாக வேண்டும். கியர் மாற்றும் சில விநாடிகளுக்கு மட்டும் தொட்டுவிட்டு விலகி நிற்கும் என்ற கணக்கில் செய்த பேரிங் அது.

இப்போது ஸ்பிரிங் உடைந்து பெடல் தொங்குகிறது. அரைக் கிலோ கனம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். கிணற்றில் துலா பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: நீளமான பக்கத்தில் சின்ன பலம் கொடுத்தால் குட்டையான பக்கத்தில் பெரிய பலம் வரும். பெடல் ஒரு துலா, ஃபோர்க் இன்னொரு துலா. பெடலில் ஐந்து மடங்கு, ஃபோர்க்கில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால் நம் கால் கொடுக்கிற பலம் பேரிங்கில் பத்து மடங்காகப் போய்ச் சேர்கிறது. அப்படியென்றால் தொங்குகிற பெடலின் அரைக் கிலோ அங்கே ஐந்து கிலோ. மதுரை வரைக்கும், திருச்சி வரைக்கும், ஒரு விநாடிகூட விடாமல் ஐந்து கிலோ. பேரிங்கில் இருக்கும் கிரீஸ் காய்ந்து 'கிர்ர்' என்று சத்தம் வர ஆரம்பிக்கும், டயஃப்ரம் விரல்களின் நுனி தேயும். அந்தப் பேரிங் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டும். அதாவது அந்த முதல் ஒர்க்ஷாப் சொன்ன 8,000 ரூபாய் வேலை அன்றைக்குத் தேவையில்லை. 60 ரூபாய் ஸ்பிரிங்கை மாற்றாமல் ஒரு வருஷம் ஓட்டியிருந்தால் நிஜமாகவே தேவைப்பட்டிருக்கும். (கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், நல்ல ஸ்பிரிங் இருக்கும்போதே. அப்பா என்னை இதற்குத்தான் பத்து வருஷமாகத் திட்டுகிறார்.)

எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. பேரிங் எப்போதும் விரல்களை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி வடிவமைத்த கார்களும் நிறைய உண்டு, ஆயிலில் இயங்குபவை பெரும்பாலும் அப்படித்தான். அவற்றில் பேரிங்குக்கு ஆபத்து குறைவு, ஆனால் வேறொரு சங்கடம் இருக்கிறது. காலை எடுத்ததும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான், ஆயில் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பொடி ஓட்டை திறக்கும். பெடல் தொங்கிப் பிஸ்டனை கொஞ்சம் அமுக்கியே வைத்திருந்தால் அந்த ஓட்டை மூடியபடி இருக்கும். இஞ்சின் சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லை, அந்த அழுத்தம் கிளட்ச்சை லேசாக மிதித்துப் பிடித்த மாதிரி ஆகிவிடும். காலையில் நன்றாக ஓடிய வண்டி மத்தியானம் மேட்டில் திணறும்.

ஆயில் வண்டிகள் பலவற்றில் பெடலோடு இன்னொரு வகை ஸ்பிரிங்கும் இருக்கும், அதை உதவி ஸ்பிரிங் என்று சொல்லலாம். பைக்கின் சைடு ஸ்டாண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்டாண்டை மேலே மடக்கினால் ஸ்பிரிங் அதை மேலேயே இழுத்துப் பிடிக்கிறது. காலால் கீழே தள்ளினால் பாதி தூரம் எதிர்க்கிறது, பாதியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் கட்சி மாறி ஸ்டாண்டைக் கீழே இழுத்துவிடுகிறது. ஸ்பிரிங் மாறவில்லை, ஸ்டாண்ட் சுழலும் ஆணிக்கு அந்தப் பக்கம் இருந்தது இந்தப் பக்கம் வந்துவிட்டது. கிளட்ச் பெடலின் உதவி ஸ்பிரிங்கும் அதே வித்தைதான்: மேலே இருக்கும்போது பெடலை மேலே தாங்கும், நடுவைத் தாண்டினால் நம் காலோடு சேர்ந்து கீழே அழுத்தும். அதனால்தான் விறைப்பான கிளட்ச்சைக்கூட டிராஃபிக்கில் முட்டி நோகாமல் மிதிக்க முடிகிறது.

ஆகவே எது உடைந்தது என்பதைக் காலே சொல்லிவிடும். பெடல் திடீரென்று லேசாகி, மேல் பகுதியில் லொடலொடவென்று ஆடினால் அது சாதாரண ரிட்டர்ன் ஸ்பிரிங், அதாவது பெடலை மேலே இழுக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங். திடீரென்று ஒரு நாள் பெடல் கல் மாதிரி கனமாகி, அதோடு மேலேயும் சரியாக நிற்காவிட்டால் உதவி ஸ்பிரிங் மேல் சந்தேகப்படுங்கள். (மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனமானால் அது வேறு: கேபிள் துருப்பிடித்திருக்கும், அல்லது கிளட்ச் செட்டே வயசாகியிருக்கும்.)

பெடல் அடியோடு தரையில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால்? எல்லோரும் "ஸ்பிரிங் அறுந்துபோச்சு" என்பார்கள். உதவி ஸ்பிரிங் இருக்கும் வண்டியில் பெரும்பாலும் விஷயம் தலைகீழ். ஆயில் ஒழுகியோ காற்று புகுந்தோ அழுத்தம் போய்விட்டது, பெடலை மேலே தள்ள வேண்டிய டயஃப்ரத்தின் பலம் இங்கே வந்து சேரவில்லை, ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஸ்பிரிங் தன் கடமையைச் செய்து பெடலைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது, சாய்த்துவிட்ட ஸ்டாண்டைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி. அங்கே போய் ஸ்பிரிங் மாற்றினால் 60 ரூபாயும் வீண், நேரமும் வீண். ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் மட்டம் இறங்கியிருக்கும். நிறைய கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான் என்பதால் இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். மெக்கானிக் "கிளட்ச் ஸ்பிரிங் போச்சு சார்" என்றால் அது நான்கில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். பெடலில் இருப்பது ஒன்று. சில வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு வெளியே, ஃபோர்க் கையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் இன்னொன்று. இது உடைந்தாலும் பெடல் தொங்குவது போலத் தோன்றும், பானெட் வழியாகவோ வண்டிக்கு அடியிலோ பார்த்தால் தெரியும், விலையும் குறைவு. மூன்றாவது, கிளட்ச் பிளேட்டின் நடுவில் வட்டமாகப் பதித்திருக்கும் குட்டி ஸ்பிரிங்குகள், இஞ்சின் அதிர்வை வாங்கிக்கொள்பவை. நான்காவது டயஃப்ரம். கடைசி இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், முதல் இரண்டுக்கும் வேண்டாம். "எந்த ஸ்பிரிங் அண்ணே, பெடலா, உள்ளேயா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால், இஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பெடலைக் கையால் மேலே தூக்குங்கள். எதிர்ப்பில்லாமல் ஏறி, விட்டதும் பொத்தென்று விழுந்தால் ஸ்பிரிங். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டு, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அரைச் சுருள் ஒன்று ஒற்றைக் கொக்கியில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். அப்புறம் இஞ்சினைப் போட்டு, முழுசாக மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். கர்ரென்று அரைக்காமல் விழுந்தால் கிளட்ச் ஒழுங்காகப் பிரிகிறது. ஓட்டும்போது நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இஞ்சின் மட்டும் கத்தி வண்டி வேகம் எடுக்காமல், தீய்ந்த வாடை வந்தால் அது கிளட்ச் பிளேட் வழுக்குவது, அது வேறு செலவு. இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது: வண்டி நியூட்ரலில் நிற்கும்போது, பெடல் தொங்குகையில் 'கிர்ர்' சத்தம் கேட்டு, புறங்காலால் பெடலைத் தூக்கியதும் சத்தம் நின்றால், பேரிங் உரசிக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம்.

புது மாடல் வண்டிகளில் இன்னும் சில வேடிக்கைகள் நடக்கும். பெடல் மேலே வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுவிட்ச் இருக்கும். பெடல் தொங்கினால் 'இவர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்' என்று வண்டி நினைத்துக்கொள்ளும், க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாது, சிக்னலில் தானாக அணையும் இஞ்சின் அணையாது. கம்ப்யூட்டர் கோளாறு என்று ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பெடலைத் தூக்கிப் பாருங்கள்.

ஏன் உடைகிறது? கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்து உடைக்காத ஆள் உண்டா? அதேதான், கொஞ்சம் மெதுவாக. டவுன் டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு இருநூறு தடவை மிதித்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய எழுபதாயிரம் தடவை அந்தக் கம்பி நீண்டு சுருங்குகிறது. பெரும்பாலும் சுருளின் நடுவில் உடைவதில்லை. சுருள் முடிந்து கொக்கியாக வளையும் கழுத்தில்தான் உடையும், அழுத்தம் எல்லாம் அந்தத் திருப்பத்தில்தான் குவிகிறது. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஏறி, கால்மிதி எப்போதும் நசநசவென்று இருந்தால் துரு பிடிக்கும். துரு பிடித்த இடத்தில் பொடிக் குழி விழும், அந்தக் குழிதான் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி. பெடல் சுழலும் இடத்தில் இருக்கும் நைலான் புஷ் தேய்ந்து பெடல் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தாலும் ஸ்பிரிங் கோணலாக இழுபட்டு சீக்கிரம் போகும். புது ஸ்பிரிங் போட்டு மூன்று மாதத்தில் மறுபடி உடைந்தால் புஷ்ஷைப் பாருங்கள், ஸ்பிரிங்கைத் திட்டாதீர்கள்.

சரி, நடுவழியில் உடைந்துவிட்டது, வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா? கிளட்ச் பிரிகிறது, சேர்கிறது என்றால் போகலாம். ஆனால் முதல் வேலை, ஓரம் கட்டி உடைந்த துண்டுகளைத் தேடி எடுப்பது. கம்பித் துண்டு உருண்டு போய் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கிளட்ச்சைப் பற்றிக் கவலைப்படவே அவசியம் இருக்காது. இரண்டு பக்கக் கொக்கியும் கிடைத்ததா என்று பாருங்கள், கால்மிதியை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்குப் பிறகும் புறங்காலால் பெடலை மேலே தள்ளிவிட்டு ஓட்டலாம். ஷூ போட்டிருந்தால் சுலபம். ரப்பர் செருப்பென்றால் அதன் நுனி பெடலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆபத்தாகிவிடும், கழற்றிவிடுங்கள். நெரிசலில் இப்படிச் செய்துகொண்டிருக்க முடியாது, கவனம் எல்லாம் காலுக்குப் போய்விடும். அங்கே அதைத் தொங்கவிட்டே ஓட்டி, காலி ரோடு வந்ததும் தூக்கிக்கொள்ளுங்கள். பத்து இருபது கிலோமீட்டரில் பேரிங் செத்துவிடாது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரு கீற்று வாங்கி, பெடல் கையிலிருந்து மேலே இருக்கும் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் வரை போகிறவர்களும் உண்டு. அது பிரேக் பெடலையோ ஸ்டியரிங் தண்டையோ தொடாத பாதையில் போக வேண்டும். அதை நம்பி ஊட்டிக்குக் கிளம்பிவிட வேண்டாம், ரப்பர் சூட்டில் இளகும்.

புது ஸ்பிரிங் வாங்கும்போது உடைந்த எல்லாத் துண்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கார் பெயரும் வருஷமும் சொன்னால் போதாதா என்றால், பெரும்பாலும் போதும், ஆனால் கடைக்காரர் "அது இல்ல, இது போட்டுக்கங்க, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று ஒன்றை நீட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் துண்டு வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிமனோடு அதே அளவில் ஏறுவதில்லை, தடிமனை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற வேகத்தில் ஏறும். சுருளின் அகலமும் எண்ணிக்கையும் அதேதான், கம்பி மட்டும் 2 மி.மீ.க்குப் பதில் 2.5 மி.மீ. என்றால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு! கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மாட்டிய பிறகு பெடல் மேல் பகுதியிலேயே முரண்டு பிடிக்கும், கொக்கி மாட்டும் தகடு வளையும். லேத்தில் கொடுத்து, மிச்சமிருக்கும் சுருளின் ஒரு சுற்றை இழுத்துப் புதுக் கொக்கி வளைத்துக் கொள்ளலாமே என்ற யோசனையும் வரும். ஒரு சுற்று குறைந்தால் ஸ்பிரிங் குட்டையாகும், அதே தூரத்துக்கு இன்னும் அதிகமாக இழுபட வேண்டும், அதுவும் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதமே போய்விடும். 60 ரூபாய்க்கு இந்தப் பாடு வேண்டாம். சில கம்பெனிகள் ஸ்பிரிங்கைத் தனியாக விற்பதில்லை, பெடல் செட்டாகத்தான் கிடைக்கும் என்பார்கள், விலை ஆயிரக்கணக்கில் போகும். அங்கே மட்டும் பழைய வண்டிகளைப் பிரிக்கும் கடைகளில் தேடுவது நியாயம்.

மாட்டுவதைப் பொறுத்தவரை, இழுவிசையில் இருக்கும் சாதாரணச் சுருள் ஸ்பிரிங் என்றால் நீங்களே முயலலாம். அமுக்கி வைத்த உதவி ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், அது கழன்று முகத்தில் பாயும், மெக்கானிக்கிடம் விடுங்கள். சுருள் ஸ்பிரிங்குக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது, டாஷ்போர்டுக்கு அடியில் முகம் அதற்கு நேரே இருக்கும். மிச்சமிருக்கும் கொக்கி எந்த ஓட்டையில், எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்று கழற்றும் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கி உட்காரும் ஓட்டையிலும் புஷ்ஷிலும் துளி கிரீஸ். ஒரு கொக்கியை மாட்டிவிட்டு, மற்றதில் உறுதியான நைலான் கயிற்றை வளையமாகக் கோத்து இழுத்து மாட்டலாம். கட்டிங் பிளேயரால் கம்பியைக் கடித்து இழுத்தால் கீறல் விழும், அடுத்த உடைசல் அங்கேதான். எல்லாம் முடிந்ததும் ஃப்ரீ ப்ளேயை அளந்து பாருங்கள். பெடல் தொங்கிய நாட்களில் யாராவது 'சரிசெய்கிறேன்' என்று கேபிள் நட்டை முறுக்கிப் பெடலை மேலே ஏற்றியிருந்தால், இப்போது இடைவெளியே இல்லாமல் போயிருக்கும், அதைத் தளர்த்திவிட வேண்டும்.

கையால் இழுத்து முடியாதவர்களுக்குக் கொட்டகை மெக்கானிக் காட்டிய வித்தை ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை ஒரு பக்கமாக வளைத்தால் வெளிப்பக்கச் சுருள்கள் விரியும் இல்லையா, அந்த இடுக்குகளில் ஒவ்வொரு ரூபாய்க் காசாகச் செருகுங்கள். மறுபக்கம் வளைத்து அங்கேயும் செருகுங்கள். ஸ்பிரிங் நீண்டு, நீண்டபடியே நிற்கும். இரண்டு கொக்கியையும் சிரமமில்லாமல் மாட்டிவிட்டுப் பெடலை ஒரு தடவை மிதித்தால் காசெல்லாம் கலகலவென்று கொட்டும். அவர் மாட்டியபோது ஏழு காசு போட்டார். ஆறுதான் கீழே கிடந்தது. போகலாமா என்று அப்பா கேட்டார். "இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு, ஏழாவது காசு ஆக்ஸிலேட்டருக்குப் பின்னால் அகப்படும் வரை அவர் சாவியைக் கொடுக்கவே இல்லை.